நிழலில் நிற்கும் கன்று

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பயிரின் இளமையைத் தமிழ் ஒரே சொல்லால் குறித்து அமைவதில்லை. நெல்லின் இளமை நாற்று. மாவின் இளமை கன்று. தென்னையின் இளமை பிள்ளை. விளாவின் இளமை குட்டி. பனையின் இளமை வடலி. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இச்சொற்களைத் தொகுத்துக் காட்டித் தமிழின் சொல்வளத்திற்குச் சான்றாக்கினார். பேணி வளர்க்கும் கைகளே இத்தனை பெயர்களையும் படைத்தன எனலாம். தம் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர்களே தென்னையைப் பிள்ளை என்று அழைத்திருக்க முடியும்.

நற்றிணையின் 172-ஆம் பாடல் இவ்வவையோர் அறிந்தது. விளையாட்டாக மணலில் அழுத்தி மறக்கப்பட்ட புன்னை விதை முளைத்தெழுகிறது. நெய்யும் பாலும் வார்த்து அதனை வளர்க்கின்றனர். அது மகளுக்கு உடன்பிறப்பாகவே ஆகிவிடுகிறது. ஒரு கன்று மரமாவதற்கு எத்துணைப் பரிவு வேண்டும் என்பதை இதனினும் மென்மையாகச் சொல்லுதல் அரிது.

ஆனால் காட்டில் விழும் விதைக்குப் பால் வார்ப்பார் இல்லை. ஒரு பெருமரம் தன் வாழ்நாளில் எண்ணிறந்த விதைகளை உதிர்க்கிறது. அவற்றுள் ஒன்றே ஒன்று வளர்ந்து, தாய்மரம் மறையும்போது அதற்கு ஈடாக நிலைத்தால் காடு குறையாமல் இருக்கும். ஏனைய அனைத்தும் முளைக்காமலோ, முளைத்து ஓரிரு திங்களிலோ, நிழலில் நின்று மெலிந்தோ மடிகின்றன. எது மடிகிறது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். காட்டின் வருங்காலம் உயர்ந்த மரங்களில் இல்லை. முழங்கால் உயரத்தில் நிற்கும் கன்றுகளில் இருக்கிறது.

நிழல் என்னும் சொல்லைத் தமிழ்ப் புலவர் பெரும்பாலும் அருளின் பொருளிலேயே ஆண்டுவந்துள்ளனர். இறைவனுக்குத் தாள்நிழல், வேந்தனுக்குக் குடைநிழல், வழிப்போக்கனுக்கு மரநிழல். நிழல் என்றால் அடைக்கலம். ஆயினும் ஊர்ப்புற மக்கள் வேறொன்றும் சொல்வர்: ஆலமரத்தின் அடியில் எதுவும் வளராது என்பர். ஒருபால் அடைக்கலம், மறுபால் ஒடுக்கம். இவ்விரண்டில் எது மெய்? கன்றைக் கேட்டால், இரண்டுமே மெய் என்று அது சொல்லும். அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அடர்ந்த மழைக்காட்டின் தரையை அடையும் ஒளி, மரமுடிகளின்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கே ஆகும். இலை ஒளியைக் கொண்டு உணவாக்குகிறது. அதே வேளையில் மூச்சுயிர்ப்பால் அவ்வுணவில் ஒரு பகுதியைச் செலவிடவும் செய்கிறது. வரவும் செலவும் சமமாகும் ஒளிநிலைக்குக் கீழே எந்தக் கன்றும் நெடுநாள் வாழ முடியாது. நிழலைத் தாங்கும் மரவினங்களின் கன்றுகள் செலவைச் சுருக்கி அந்நிலையைத் தாழ்த்திக்கொள்கின்றன. அவற்றின் இலைகள் மெல்லியவை, நீண்ட நாள் உதிராதவை. அவை விரைந்து வளர்வதில்லை. கிடைத்ததைக் கொண்டு நிலைத்து நிற்கின்றன. பத்து ஆண்டுகள் கழிந்தும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டாத கன்றுகள் இத்தகைய காடுகளில் உண்டு.

இலைகளின் இடைவெளி வழியே ஓரிடத்தில் சில நொடிகளோ சில நிமிடங்களோ விழுந்து மறையும் ஒளித்திட்டுகள் இக்கன்றுகளுக்குப் பெருந்துணை. ஒரு நாளில் கன்று பெறும் ஒளியில் பெரும்பங்கு இத்திட்டுகளாலேயே கிடைப்பதும் உண்டு. காட்டுத் தரையில் அசையும் அப்பொற்காசுகளைக் கவிஞர் அழகென்று கண்டனர். கன்றுக்கோ அவை அன்றாட உணவு.

நிழலில் ஒளியின் அளவு மட்டும் குறைவதில்லை. அதன் தன்மையும் மாறுகிறது. பச்சை இலை செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. செந்நிறத்திற்கும் அப்பால், மனிதக் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சேய்மைச் சிவப்பொளியைப் பெரிதும் ஊடுருவவிடுகிறது. ஆகவே தழையின் நிழலில் சிவப்பு குறைந்து, சேய்மைச் சிவப்பு மிகுந்திருக்கும். செடியில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி இவ்விகித மாற்றத்தை உணர்கிறது. கல்லின் நிழலையும் மற்றொரு செடியின் நிழலையும் கன்று வேறு பிரித்தறிவது இதனால்தான். மேலே நிற்பது போட்டியாளன் என்று அறிந்ததும், ஒளிவிரும்பும் இனங்களின் கன்றுகள் வேரையும் இலையையும் சுருக்கித் தண்டை நீட்டி மேலெழ முயலும். வெட்டவெளிப் புல்லிடையே இம்முயற்சி வெல்லும். பெருங்காட்டின் அடியிலோ எத்துணை நீண்டாலும் ஒளியைத் தொடமுடியாது. நீண்டு மெலிந்து சாய்ந்துவிடும். நிழல்தாங்கும் கன்று அவ்வாறு நீளுவதில்லை, அது காத்திருக்கிறது.

எதற்காகக் காத்திருக்கிறது? ஒரு பெருமரத்தின் வீழ்ச்சிக்காக. புயலாலோ மூப்பாலோ ஒரு மரம் சாயும்போது மேலே ஒரு திறப்பு உண்டாகிறது. அப்போது இருவகை உயிர்கள் எழுகின்றன. மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த முன்னோடி மரங்களின் சிறு விதைகள் ஒளிபட்டு முளைத்து விரைந்து உயர்வது ஒருவகை. முன்பே முளைத்து ஆண்டுக்கணக்கில் நின்ற கன்றுகள் நிமிர்வது மற்றொரு வகை. 1988-இல் ஸ்வேய்ன், விட்மோர் என்னும் அறிஞர் இருவர் வெப்பமண்டல மழைக்காட்டு மரங்களை இவ்வடிப்படையிலேயே முன்னோடிகள், முன்னோடியல்லாதவை என இரண்டாகப் பகுத்தனர். முன்னது ஒளி வந்தபின் பிறப்பது. பின்னது இருளில் பிறந்து ஒளிக்காகப் பொறுத்திருப்பது.

நிழல் ஒன்றே கன்றின் பகை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தை அசைத்தது ஜெர்மனியில் நடந்த ஓர் எளிய ஆய்வு. முதிய பைன் மரங்களின் கீழ்க் கன்றுகள் நோஞ்சானாக நின்றன. நிழலே காரணம் என்றனர். ஃப்ரிக்கே என்னும் காட்டியல் அறிஞர் அக்கன்றுகளைச் சுற்றி அகழி வெட்டி, பெருமரங்களின் வேர்களைத் துண்டித்தார். ஒரு கிளையும் தறிக்கப்படவில்லை. ஒளியில் எம்மாற்றமும் இல்லை. ஆயினும் அகழிக்கு உட்பட்ட நிலத்தில் கன்றுகள் தழைத்தன. 1904-இல் அவர் இதனை வெளியிட்டார். பகை மேலே மட்டும் இல்லை, மண்ணுக்குள்ளும் இருந்தது; நீரையும் சத்தையும் முதிய வேர்கள் முந்திக்கொண்டிருந்தன. பின்னர்ப் பல நாடுகளில் நடந்த அகழி ஆய்வுகளை 2000-ஆம் ஆண்டில் கூம்ஸ், கிரப் என்னும் அறிஞர் இருவர் தொகுத்து ஆராய்ந்தனர். வறண்ட மண்ணிலும் வளம் குன்றிய மண்ணிலும் வேர்ப்போட்டி கடுமையாகிறது. ஈரமும் வளமும் நிறைந்த மண்ணில் நிழலே முதன்மை பெறுகிறது என்பது அவர்கள் கண்ட முடிபு. கண்ணுக்குத் தெரியும் நிழலைக் குறைகூறிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வேரை மறந்துவிடுதல் காட்டியலுக்கு மட்டும் உரிய பிழை அன்று.

மூன்றாவது இடர் இன்னும் வியப்பானது. 1970-இல் ஜான்சனும் 1971-இல் கானலும் தனித்தனியே ஒரே கருத்தை முன்வைத்தனர். தாய்மரத்தின் அடியிலேயே மிகுதியான விதைகள் விழுகின்றன. ஆனால் அவ்வினத்தையே நாடும் பூச்சிகளும் நோய்களும் அங்கேதான் திரண்டிருக்கின்றன. ஆகவே தாயின் காலடியில் முளைப்பவை பெரிதும் அழிய, பறவையோ விலங்கோ தொலைவில் கொண்டுசேர்த்த விதைகள் பிழைக்கும் வாய்ப்பு மிகுகிறது. ஒரு காட்டில் ஒரே இனம் மேலோங்காமல் பலவினம் கலந்து வாழ இதுவும் ஒரு காரணம் என்பர். அயல்மரத்தின் நிழல் கன்றுக்குத் தாய்நிழலினும் நன்றாக அமைவது உண்டு என்னும் இவ்வுண்மை, இனிச் சொல்லப்போகும் செய்திக்கு இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் தமிழ் மண்ணில் வைத்துப் பார்க்க ஏற்ற இடம் நீலமலையும் பழனிமலையுமாகும். அங்குள்ள உயர்மலைக் காட்டுக்கு உலக அறிவியல் வழங்கும் பெயரே நம் சோலை என்னும் சொல்தான். மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை. அவற்றைச் சூழ்ந்து மேடுகளெல்லாம் புல்வெளி. நாவல் இனங்களும் காட்டுச் செண்பகமும் இலவங்க இனங்களும் செறிந்த சோலை, கத்தியால் அறுத்ததுபோல் ஓரிடத்தில் முடிகிறது. அடுத்த அடியில் புல் தொடங்குகிறது. சோலையின் விதை புல்வெளியில் விழாமல் இல்லை. பின் ஏன் அங்கே கன்று எழவில்லை?

1938-இல் இவ்வினாவுக்கு இருவர் இருவேறு விடை கூறினர். உறைபனியே காரணம் என்றார் சி. ஆர். ரங்கநாதன். தீயே காரணம், மனிதன் கைபட்டதே காரணம் என்றார் என். எல். போர். உறைபனியின் செயலை உதகையில் வாழ்வோர் நன்கறிவர். மழைக்காலம் ஓய்ந்தபின் முதலில் நீர்ப்பனி, பின்னர் உறைபனி. மேகமற்ற இரவில் திறந்த நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்ந்து போகிறது. விடியலில் புல் வெண்மையாகிறது. இளங்கன்றின் தளிர் கருகுகிறது. சோலைக்குள்ளோ மரமுடிகள் போர்வை போல் அவ்வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. பகலில் ஒளியை மறைக்கும் அதே கிளை, இரவில் உயிரைக் காக்கிறது. பனிக்குத் தப்பிய கன்றைப் புல்லின் அடர்ந்த வேர்கள் நெருக்குகின்றன. வேனிலில் தீ வருகிறது. இம்மூன்றையும் தாங்கிப் புல்வெளியில் நிற்கும் மரம் அரிது. செம்மலர் பூக்கும் ரோடோடென்ட்ரான் அத்தகைய ஒன்று.

புல்வெளி என்பது அழிந்த காட்டின் எச்சம் என்று கருதியவர் பலர். அக்கருத்து நிலைக்கவில்லை. நீலமலைச் சதுப்புகளில் படிந்துள்ள கரிமண்ணை ஆராய்ந்து இராமன் சுகுமாரும் அவர்தம் குழுவினரும் 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகத் தட்பவெப்ப மாற்றத்திற்கேற்ப அம்மலைகளில் புல்லும் மரமும் முன்னும் பின்னும் நகர்ந்துவந்ததை அது காட்டியது. புல்லும் அம்மலையின் பழங்குடியே. நிழலின்மை அதன் உரிமை.

இவ்வுரிமையைத்தான் சென்ற இரு நூற்றாண்டுகள் பறித்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும், மலைமக்கள் சீகை மரம் என்றழைக்கும் வாட்டிலும் வந்தன. எரிபொருளுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பின்னர் ஆலைக் கூழுக்கும் என அவை பரப்பப்பட்டன. பயனற்ற வெற்றுநிலம் என்று கணக்கிடப்பட்ட புல்வெளியே அவற்றுக்கு இடமாயிற்று. பழனிமலையில் மட்டும் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டுகிறது. நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அது பூப்பது அப்புல்வெளியில்தான் என்பதைக் கவிஞர் பெருமக்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. பழைய சீகைத் தோட்டங்கள் சிலவற்றின் உள்ளே, சோலை அருகிருக்கும் இடங்களில், சோலை மரக்கன்றுகள் முளைத்தெழுந்தன. அதன் வழி எளிதில் விளங்குவதே. சீகையின் கிளையில் வந்தமர்ந்த சின்னான் முதலிய பறவைகள் சோலைக் கனிகளின் விதைகளை அங்கே எச்சமிட்டன. சீகையின் நிழலில் புல் மடிந்ததால் வேர்ப்போட்டி ஒழிந்தது. மரமுடி இருந்ததால் உறைபனி தணிந்தது. சீகையின் முடி சோலை முடியைப் போல் அத்துணை அடர்ந்ததன்று. அதனூடே ஒளி ஓரளவு இறங்கியது. புல்வெளியை விழுங்கிய அயல்மரமே சோலைக் கன்றுக்குச் செவிலியும் ஆயிற்று. பகைவனின் வீட்டில் பிள்ளை வளர்ந்தது என்று சொல்லலாம்.

இப்போது அயல்மரங்களை அகற்ற வேண்டும் என்னும் குரல் வலுத்துள்ளது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல்தாவரங்களின் பரவலைத் தடுக்கவும் இயற்கை வாழிடங்களை மீட்கவும் ஒரு கொள்கையையே வகுத்தது. அந்நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் எவ்வாறு அகற்றுவது என்னும் வினாவில்தான் கன்றின் உயிர் இருக்கிறது. ஒரு சீகைத் தோட்டத்தை ஒரே மூச்சில் மொட்டையடித்தால் என்ன ஆகும்? கீழே நின்ற சோலைக் கன்றுகள் திடீரென வெயிலுக்கும் பனிக்கும் ஆளாகும்; விழும் மரங்களின் கீழ் நசுங்குவனவும் பல. அதனினும் பெரிய இடர் மண்ணுக்குள் உள்ளது. சீகையின் விதை கடினமான உறையுடையது. பல்லாண்டுகள் மண்ணில் உறங்கவல்லது. திடீர் வெயிலும் தீயும் அதனை எழுப்பிவிடும். அகற்றியவர் திரும்பிப் பார்க்கும்போது, ஒரு சீகை நின்ற இடத்தில் ஒரு நூறு சீகைக் கன்றுகள் நிற்கக்கூடும். வெளிச்சம் எல்லோருக்கும் பொது. ஆனால் திடீர் வெளிச்சத்தால் முந்திக்கொள்பவன் முன்னோடியே.

அப்படியானால் அகற்றவே கூடாதா? இதற்கு விடைகாண, நிழலைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்த ஓர் ஆய்வை நோக்குதல் வேண்டும். அது நடந்தது இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்தில். 1988-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட காடு அது. அதன் எல்லையோரத்தில் கரீபியப் பைன் மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருந்தன. சீரழிந்த திறந்த நிலங்களிலோ, சிங்களத்தில் கெகில்ல எனப்படும் பெரணி அடர்ந்து, எந்த மரக்கன்றையும் எழவொட்டாமல் செய்தது. மார்க் ஆஷ்டனும், நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் தம் குழுவினருடன் அப்பைன்களை உடனே பகையெனக் கொள்ளாமல் செவிலியாகப் பயன்படுத்திப் பார்த்தனர். பைன்களை வெட்டாமல் விட்ட இடம், ஒரு வரிசை அகற்றிய இடம், மூன்று வரிசை அகற்றிய இடம் எனப் பிரித்து மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டனர். 1997-இல் முடிவு வெளியாயிற்று. முழுநிழலில் கன்றுகள் தளர்ந்தே வளர்ந்தன. மூன்று வரிசை அகற்றிய திறப்பில் மிகச் சிறந்து வளர்ந்தன. பைன்கள் இருபுறமும் நின்றன. நடுவே வானம் தெரிந்தது. காப்பும் இருந்தது, வழியும் இருந்தது.

சிங்கராஜம் தாழ்நில மழைக்காடு. அங்கே உறைபனி இல்லை. எனவே அதன் அளவுகளை அப்படியே நீலமலைக்கு எடுத்துவர இயலாது. எடுத்துவரத்தக்கது அதன் முறை. சோலைக் கன்றுகள் எழுந்துவிட்ட சீகைத் தோட்டத்தில், கன்றின் உயரத்தைப் பார்த்து, சிறுசிறு திறப்புகளாக, ஆண்டுகள் பலவற்றில் சீகையை அகற்றுவதே தக்கது. சோலைக் கன்று எழாத இடத்திலும், புல்வெளியின் விளிம்பில் புதிதாக நுழையும் இடத்திலும் சீகையை இளமையிலேயே களைதல் வேண்டும். களைந்தபின் மீண்டும் மீண்டும் சென்று முளைப்பனவற்றையும் களைதல் வேண்டும். இன்னும் புல்லாகவே எஞ்சியிருக்கும் மேடுகளில் எந்த மரத்தையும், அது சோலை மரமே ஆயினும், நடாதிருத்தல் வேண்டும். மரம் நடுதல் எங்கும் அறமே என்னும் எண்ணம் புல்லுக்கு அநீதி இழைத்துள்ளது. நிழல் நன்றா தீதா என்னும் வினாவே குறையுடையது. எந்த உயிருக்கு, எந்தப் பருவத்தில், எந்த அளவில் என்று வினவினால்தான் விடை கிடைக்கும்.

முளைத்த நாளில் கன்றுக்கு நிழல் அடைக்கலம். வேரூன்றிய பின் அதே நிழல் சிறை. வளர்ப்பவன் அறிய வேண்டியது அவ்விரண்டுக்கும் இடையே உள்ள நாளை. அந்நாளுக்கு முன் கிளையைத் தறித்தால் கன்று கருகும். பின் தறித்தால் கூனும். காடு இதனைத் தன் பெருமரங்களின் மூப்பால் செய்துகொள்கிறது. மனிதன் நட்டுக் கெடுத்த இடத்தில், மனிதனே பொறுமையுடன் பார்த்துப் பார்த்துச் செய்தாக வேண்டும். புன்னைக்கு நெய்யும் பாலும் வார்த்த பரிவு, இன்று அரிவாளை எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்று அறியும் பரிவாக வளர வேண்டும்.

அவையோரே, இவ்வட்டம் பத்தாண்டு நிறைந்து நிற்கிறது. காட்டின் கணக்கில் பத்தாண்டு என்பது, நிழலில் ஒரு கன்று நான்கைந்து இலைகளோடு உயிர்பிடித்து நின்ற காலமாகவும் இருக்கலாம். அதனைக் காண்போர் வளர்ச்சியில்லை என்று கடந்துபோவர். ஆனால் மேலே வானம் திறக்கும் நாளில் முதலில் நிமிர்வது அதுவே. வேர் முன்பே ஊன்றியிருப்பதே அதற்குக் காரணம். இங்கே மூத்தோர் நிழலும் உண்டு. இளையோர் வேரும் உண்டு. கிளை எப்போது ஒதுங்க வேண்டும் என்பதை மூத்தோரும், திடீர் வெயிலுக்கு விரையாமல் வேரூன்ற வேண்டும் என்பதை இளையோரும் சோலையிடம் கற்றுக்கொள்வது நலம்.